மாரியாத்தாள் வீட்டுச் சொம்பு

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சர்ச்சுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதற்காக நார்வேயிலிருந்து ஐந்து பேர் ஊழியப் பயணமாக வந்திறங்கினார்கள். எத்தனையோ ஆயிரம் மைல் பறந்து வந்தவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே தெரிந்துபோனது, சர்ச்சில் கக்கூஸ் கிடையாது என்று. பக்கத்து வீடு மாரியாத்தாளுடையது. போன வருடம்தான் பின்புறம் தகரக் கதவு போட்டு ஒன்று கட்டியிருந்தாள்.

"வந்தவங்க உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போகட்டுங்களா?" என்று பாஸ்டர் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய்நார்க் கம்பெனிக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு, எவர்சில்வர் சொம்பைப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். வாசல் மிதித்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்காவிட்டால் அதென்ன வீடு?

முதல் நாள் முதலாவதாக வந்தவள் இங்கிரிட். அறுபது வயதிருக்கும். வெயிலில் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. மாரியாத்தாள் சொம்பை நீட்டினாள்.

"தண்ணி குடிங்க அம்மணி."

இங்கிரிட் சிரித்தாள், கும்பிட்டாள், தோளில் தொங்கிய பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். பின்புறம் போய்விட்டு வந்து மறுபடியும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். மற்ற நால்வரும் அப்படியே. கும்பிடுக்கு ஒரு குறையுமில்லை. தண்ணீர் மட்டும் சொம்பிலேயே இருந்தது.

சாயங்காலம் மகள் இளவேனில் வந்தாள். பொள்ளாச்சியில் இங்கிலீஷ் டீச்சர். வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பும் அவள்தான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நம்ம தண்ணி அவங்களுக்கு ஒத்துக்காது, வயிறு கெட்டுப்போகும். கெளம்பறப்பவே சொல்லி அனுப்பியிருக்காங்க."

"கக்கூசுக்கு மட்டும் என்ற ஊடு ஆகுமாக்கும்?"

அம்மாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று இளவேனிலுக்குத் தெரியும். சின்ன வயதில் தோட்டத்து வேலைக்குப் போன மாரியாத்தாள் தாகம் என்று நின்றால், பண்ணையக்காரர் வீட்டம்மா தள்ளி நின்று, குவித்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றுவாள். சொம்பு கையில் பட்டுவிடக் கூடாது. பாதித் தண்ணீர் முழங்கை வழியே மண்ணுக்குப் போகும். இன்றைக்கு அதே வீட்டுக்காரர்கள் இவள் வாசலுக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறார்கள். தண்ணீர் என்று சொன்னால் மட்டும், "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வாரோம்" என்கிறார்கள். கடல் தாண்டி வந்தவர்களாவது குடிப்பார்கள் என்று மாரியாத்தாள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

இரண்டாம் நாள் பெயிண்ட் வேலை அமர்க்களமாக நடந்தது. ஒருவர் வாளிக்குள் காலை விட்டார். இன்னொருவர் எறும்புப் புற்றின்மேல் உட்கார்ந்து, எழுந்து ஓடினார். பக்கத்துத் தோட்டத்துக் கன்றுக்குட்டி காயாத சுவரில் உரசிவிட்டு நீலக் கன்றாய்த் திரிந்தது. ஊரே சிரித்தது, மாரியாத்தாள் சிரிக்கவில்லை. சொம்பைக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் இங்கிரிட் வந்தாள். மாரியாத்தாள் முறத்தில் புடைத்த அரிசியை விட்டு நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்புறத்துத் தகரக் கதவு படபடவென்று அதிர்ந்தது. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அந்த வெயிலுக்குத் தகரம் தோசைக்கல்லாய்க் காய்ந்திருக்கும். உள்ளேயிருந்து ஏதோ பாஷையில் அழுகைக் குரல் வந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ, மாரியாத்தாள் கடப்பாரையோடு ஓடினாள்.

"பயப்படாதீங்க கண்ணு! தள்ளி நில்லுங்க! நான் இருக்கறனுங்க!"

சொன்னது புரிந்திருக்காது. குரல் புரிந்திருக்க வேண்டும், தட்டுவது நின்றது. நாலு நெம்பில் கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது.

தள்ளாடி வந்த இங்கிரிட்டை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. இன்றைக்கென்று பாட்டிலைச் சர்ச்சிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். இங்கிரிட் அலமாரியைப் பார்த்தாள். கவிழ்த்திருந்த சொம்பைக் கைகாட்டினாள்.

"தண்ணி" என்றாள். முதல் நாள் மாரியாத்தாள் வாயிலிருந்து கேட்ட சொல்.

இந்த வீட்டில் வெளியாள் ஒருவர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டது இதுதான் முதல் தடவை. சொம்பை எடுத்துக்கொண்டு குடத்தருகே போன மாரியாத்தாள் அப்படியே நின்றாள். குடித்து வயிறு கெட்டுப்போனால்? அந்தப் பழி என் தண்ணீருக்கு வரவே கூடாது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அம்மணி."

நனைத்த துண்டை இங்கிரிட்டின் தலையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சொம்புக்கும் போசிப் பாத்திரத்துக்குமாக மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினாள். இங்கிரிட் அவள் கைகளையே பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

சொம்பு கைக்கு வந்ததும் இங்கிரிட், ஊரார் குடிப்பதைப் பார்த்து வைத்திருந்தவள், அண்ணாந்து சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். மூக்கில் பாதி, கழுத்தில் பாதி. புரையேறி இருமினாள். தண்ணீர் முழங்கை வழியே ஒழுகித் தரையில் சொட்டியது.

மாரியாத்தாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எட்டி இங்கிரிட்டின் கையைப் பிடித்துச் சொம்பைத் தாழ்த்தி, விளிம்பை அவள் உதட்டில் வைத்தாள்.

"என்ற ஊட்ல வாய் வெச்சே குடிக்கலாமுங்க."

இங்கிரிட் மடக் மடக்கென்று குடித்தாள். அடியில் இரண்டு வாய்த் தண்ணீர் மிச்சமிருந்தது. மாரியாத்தாள் சொம்பை வாங்கி, கழுவாமல், அதே விளிம்பில் வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தாள்.