மர்சலினின் முதல் நோயாளி

யுத்தம் முடிந்த மறு வருஷம், டாக்டர் மர்சலின் வேலூரில் படிப்பை முடித்து வந்த அன்று, சாந்தோமில் அவள் வளர்ந்த தெருவே சமையலை மறந்துவிட்டது. கோயில் பள்ளிக்கூடத்து விக்டர் வாத்தியார் தன் வீட்டு முன்னறைக்கு வெள்ளையடித்து, அவள் வைத்தியம் பார்க்க மேஜை போட்டு வைத்திருந்தார். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார்.

தாயையும் தகப்பனையும் காலரா கொண்டுபோனபோது மர்சலின் தவழ்ந்துகொண்டிருந்தாள். தெருதான் வளர்த்தது. காலைக் கஞ்சி ஒரு வீடு, ராத்திரிச் சோறு ஒரு வீடு, கணக்குக்கு விக்டர் வாத்தியார். படுக்கை மட்டும் எப்போதும் டோரதி வீட்டில். பிரசவம் பார்க்கும் நர்ஸ் டோரதிக்குப் பிள்ளை இல்லை.

நொச்சிக்குப்பத்துக்கு அவள் பிரசவம் பார்க்கப் போனால் மர்சலினும் போவாள். வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு முதலில் தாயின் அலறல் கேட்கும், பிறகு குழந்தையின் அழுகை. ஒரு தடவை அழுகை கேட்கவே இல்லை. கையைக் கழுவியபடி வந்த டோரதி, ஒரு டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றாள். மர்சலின் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

மர்சலின் வேலூர் போன பின் தெருவில் ஒரு வேடிக்கை கிளம்பிற்று. யார் தும்மினாலும், பொறு, நம்ம டாக்டர் வரட்டும் என்பார்கள். புது டாக்டர் முதலில் தொடுகிற நோயாளி குணமானால்தான் கைராசி நிலைக்கும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். அந்த முதல் ஆள் தான்தான் என்று டோரதி சொல்லி வைத்திருந்தாள்.

சொன்னபடியே முதலில் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். சிரித்துக்கொண்டே ரவிக்கையை அவிழ்த்தாள்.

மர்சலினின் விரல்கள் இடது மார்பில் நின்றுவிட்டன. கல் மாதிரிக் கட்டி. அக்குளிலும் பரவியிருந்தது.

"எத்தனை நாளா சித்தி?"

"நீ மூணாம் வருஷம் படிக்கிறப்போ நெல்லிக்கா அளவுதான். வலிக்கலை. உனக்காக வெச்சிருந்தேன்."

வேறு டாக்டரிடம் காட்டினால் மர்சலினுக்குச் சேதி போகும், படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்று முதலில் நினைத்தாளாம். பிறகு பயம் வந்தது. பயம் வந்த பின், தெருவுக்குச் சொன்ன வார்த்தையே நல்ல சாக்காகிவிட்டது.

"அறுத்துடலாம் சித்தி. சரியாயிடும்."

"நானும் நர்ஸ்தாண்டி."

மர்சலின் மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள். கதவு தட்டப்பட்டது. முதல் ஆளுக்கே இவ்வளவு நேரமென்றால் நாங்கள் வெளியிலேயே கிழடாகிவிடுவோம் என்றார் விக்டர் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

டோரதி ரவிக்கையை மாட்டிக்கொண்டு, முந்தானையால் மர்சலினின் முகத்தைத் துடைத்தாள்.

"என்னைக் கணக்குல சேர்க்காதே. நீ என்னைத் தொடவே இல்லை. தெரிஞ்சுதா?"

கதவைத் திறந்தாள். தனக்கு ஒரு நோவும் இல்லையென்று டாக்டர் விரட்டிவிட்டதாகச் சொல்லி, இருமுகிற பிள்ளையோடு நின்ற குப்பத்து வேலம்மாவைக் கூப்பிட்டாள்.

"இன்னா நர்ஸம்மா, உன் எடத்தை எனக்குத் தர்றே?" என்றபடி வேலம்மா உள்ளே வந்தாள்.

பிள்ளையின் நெஞ்சில் சளிதான். மர்சலினின் கண்ணைப் பார்த்து வேலம்மாதான் பதறிப்போனாள்.

"ஒண்ணுமில்லை. நல்லாயிடும்" என்றாள் மர்சலின்.

வாசலில் தெரு கை தட்டியது. டோரதியும் தட்டினாள். அவளுடைய இடது கை சரியாக எழும்பவில்லை.