ஸ்கூட்டர் கன்னா, கார் கன்னா

ஐந்தருவிக்குப் போகிற வழியில் தங்கபுஷ்பத்துக்குச் சொந்தமாக ஒரு வண்டி நிறுத்துமிடம் உண்டு. அதன் மூலையில் எண்ணெய், சோப்பு, துண்டு விற்கிற கடை. கடையில் நிற்பவள் ஸ்வாதி. சாயங்காலமானால் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய், எலெக்ட்ரிக் வண்டி பழுதுபார்க்கும் வகுப்பில் உட்காருவாள். அதனால்தான் ஒரு புதுப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

"சார்ஜிங் மெஷின் வைக்கப் போறேன். ஒண்ணுக்குத்தான் கரண்டு தாங்கும். ஸ்கூட்டருக்கா, காருக்கா? படிக்கவ நீதான் சொல்லணும். சரியாச் சொல்லிட்டேன்னா மெஷின் சாவி ஒன் கையில. சோப்பு விக்க வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

ஸ்வாதிக்கு அந்தச் சாவி வேண்டும். ஆனால் எதைச் சொல்வது? மெஷினிலிருந்து வண்டியில் செருகும் முனைக்குக் கன் என்று பெயர்; ஸ்கூட்டருக்கான கன் காரில் நுழையாது. காருக்கானது ஸ்கூட்டரில் சேராது. ஒரே கரண்டுக்கு எதற்கு இத்தனை வாய் என்று வகுப்பில் கேட்டாள். வாத்தியார் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

ஸ்கூட்டர் மெஷின் விற்கும் பிரின்ஸும் கார் மெஷின் விற்கும் கடையநல்லூர் ஆதமும் கடைக்கு நடையாய் நடந்தார்கள்.

"ஊரு பூரா ஸ்கூட்டர்தான் ஓடுது, தங்கச்சி. கார்க்காரன் வாரதுக்கு முன்னாலயே சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்துருவான்" என்றான் பிரின்ஸ்.

"ஸ்கூட்டர்க்காரன் வீட்டுல மாட்டிட்டு ஒறங்குவான், வே. உம்ம மெஷின்ல ஈரத் துண்டுதான் காயப் போடணும்" என்றான் ஆதம்.

பிரின்ஸ் பேசும்போது அவன் சொல்வது சரி. ஆதம் பேசும்போது இவன் சொல்வது சரி. கடைசியில் எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த வாரம் கடையில் வியாபாரமும் இல்லை, நேரம் கிடந்தது. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய எலெக்ட்ரிக் வண்டி உள்ளே வந்தால் ஒரு கோடு போட்டாள். வந்ததெல்லாம் ஸ்கூட்டர்தான்.

"ஸ்கூட்டர் கன், அக்கா" என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். சொன்ன வாய் மூடுமுன்னே சந்தேகம் வந்தது. எதன் மேல் சந்தேகம் என்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பிரின்ஸ் மெஷினை லோடு ஆட்டோவிலிருந்து இறக்கினான். அதே நேரம் வாசலில் கார்கள் வரிசை கட்டின. கேரளத்து வண்டி, மதுரை வண்டி. பாதிக்குப் பாதி பச்சை பிளேட். கடையில் சோப்பு கேட்டுக் கைகள் நீண்டன. போன வாரம் இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

சோப்பை எடுத்த கை அப்படியே நின்றது. போன வாரம் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. வெளியூர்க் கார்களைப் போலீஸ் செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. வெள்ளத்தைப் படம் பிடிக்க ஸ்கூட்டரில் வந்த பக்கத்து ஊர் இலஞ்சி, மேலகரத்துப் பையன்களைத்தான் அவள் எண்ணியிருக்கிறாள். ஒரு சோப்பும் விற்காத வாரத்தைப் போய் சீசன் என்று கணக்கில் எடுத்திருக்கிறாளே!

பிரின்ஸ் தரையில் துளை போடக் குனிந்தான். வாயைத் திறக்காவிட்டால் சாவி அவளுக்குத்தான்.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க. நான் தப்பா எண்ணிட்டேன்."

"ஏட்டி, வெளையாடுதியா?"

அவள் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"அப்போ கார் கன்னா?"

"அதுவும் தெரியல, அக்கா. மறுபடி தடை போட்டா ஸ்கூட்டர்தான வரும்?"

"நல்லாப் படிச்ச போ!" என்று பிரின்ஸ் துளைபோடும் கருவியைக் கீழே வைத்தான்.

தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்தாள். பிறகு ஆதமுக்குப் போன் போட்டு, மெஷினைக் கொண்டு வரச் சொன்னாள். ஸ்வாதி சோப்பு விற்கக் கடைக்குத் திரும்பினாள்.

சாயங்காலத்துக்குள் கார் மெஷினைப் பொருத்தி முடித்தாயிற்று. தங்கபுஷ்பம் அதன் சாவியைக் கொண்டுவந்து சோப்புகளுக்கு நடுவே வைத்தாள்.

"எடு. கன் சேராதவன் வந்து சத்தம் போடுவாம்லா? அவனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"என்ன பதில், அக்கா?"

"அதான் எனக்கும் தெரியல. நீ யோசி."

ஸ்வாதி சாவியை எடுத்தாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமலே மெஷின் பக்கம் நடந்தாள்.