இரண்டு கண்மணியும் சமம்

எங்கள் மூளை அறுவைப் பிரிவில் ரவுண்ட்ஸ் நேரத்தில் "தெரியாது" என்று சொன்னால் மூன்று தண்டனை டூட்டி. "பார்க்கவில்லை" என்று சொன்னால் ஐந்து. இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. உள்ளே நுழைந்த முதல் நாளே மேல் வருடத்துக்காரன் கீழ் வருடத்துக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவான். தண்டனை டூட்டி என்றால் உன் முறை முடிந்தாலும் வீட்டுக்குப் போகக் கூடாது. அதே உடுப்பில், அதே நாற்றத்தில் மறுநாளும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியதுதான். புவெப்லா நகரத்தில் எனக்கு ஒரு வாடகை அறை இருந்தது. அதற்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

அதனால் எங்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். பெரிய டாக்டர் பாரியெந்தோஸ் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவோம். சரியா தப்பா என்பது அப்புறம்.

நான் அன்செல்மோ தெக்குவாபெத்லா. அப்போது மூன்றாம் வருட ரெசிடெண்ட், அதாவது பயிற்சி டாக்டர். கையில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். முதலாவது, லிஃப்டில் நின்றபடியே தூங்கிப்போய் ஒன்பது நிமிடம் தாமதமாக ரவுண்ட்ஸுக்கு வந்ததற்கு. இரண்டாவது, ஐந்தாம் வருட டாக்டர் சாராத்தே ஒரு நோயாளி முன்னால் என்னைக் கிழித்தபோது, "கத்தாதீங்க, எனக்குக் காது கேக்கும்" என்று திருப்பிச் சொன்னதற்கு. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பிறவி நான். அந்த சாராத்தே அம்மாதான் எங்கள் தலைமை ரெசிடெண்ட். மூன்றாவது கடிதம் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா டாக்ஸி ஓட்டிப் படிக்கவைத்த ஒன்பது வருடமும் அதோடு சேர்ந்து போகும்.

எட்டாம் படுக்கையில் தோன் கிரிஸ்பின் என்று ஒரு வாணவேடிக்கைக்காரர். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழாவுக்கு வெடிக்கோபுரம் கட்டும்போது உச்சியிலிருந்து விழுந்துவிட்டார். மூளையின் வலது பக்கம் அடி. மயக்க மருந்து கொடுத்து மெஷினில் மூச்சு விடவைத்திருந்தோம். அப்படிக் கிடக்கிற ஆளுக்குள் என்ன நடக்கிறது என்று கண்மணிதான் சொல்லும். உள்ளே வீங்கி மூளை நெரிபட்டால் அந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கும்.

அவருடைய வலது இமையோ வீங்கிக் கத்தரிக்காய் போல இருந்தது. முதல் நாள் சாராத்தே கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: "இரண்டு கண்மணியும் சமம். வெளிச்சத்துக்கு அசைகின்றன." மறுநாள் காலை நான் கட்டைவிரலால் அந்த இமையைத் தூக்கிப் பார்த்தேன். திறக்கவில்லை. இவரோடு சேர்த்துப் பதினெட்டுப் படுக்கை என் பொறுப்பு. அதே வரியை எழுதினேன். அதற்கடுத்த நாளும் அதே வரி. நான்காம் நாள் பக்கத்தில்கூடப் போகாமலே எழுதினேன்.

"கண்மணி?" என்று ரவுண்ட்ஸில் பாரியெந்தோஸ் கேட்டார்.

"சமம், டாக்டர். நல்லா அசையுது."

"அடுத்த ஆள்."

அன்று மதியம் ஒரு மணிக்கு மாடிப்படியில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் சாயோ தலையை நீட்டினார்.

"டாக்டரே, தின்னது போதும், ஓடி வாங்க! எட்டாம் நம்பருக்கு மொகம் தொடச்சேன். வீக்கம் வடிஞ்சு கண்ணு தெறந்துக்கிச்சு. வலது கண்ணு சரியில்ல."

போய்ப் பார்த்தேன். கண்மணி அகலமாக இருந்தது. டார்ச் அடித்தேன். அசையவில்லை. மறுபடி அடித்தேன்.

சாராத்தே வந்தார், பார்த்தார், என் பக்கம் திரும்பினார். "காலைல எப்படி இருந்துச்சு?"

"சமமா இருந்துச்சு, டாக்டர்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்." வாய் தானாகவே சொல்லிவிட்டது. மூன்று வருடப் பழக்கம்.

"அப்ப இப்பத்தான் விரிஞ்சிருக்கு. தியேட்டருக்குச் சொல்லு, மண்டை ஓட்டைத் தொறந்துரலாம்."

"ஒரு ஸ்கேன் எடுத்துட்டு..."

"ஸ்கேனா? அந்த மெஷின் செவ்வாக்கிழமைலேர்ந்து படுத்துக் கெடக்கு. வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலேயே போயிருவாரு. கீழ போய் அவர் சம்சாரத்துக்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. நிக்காத, ஓடு!"

ஓடினேன். நான்கு மாடி. ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணம் காலைத் தட்டியது. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. ரத்த அழுத்தம் சாதாரணம். மூளை நெரிபடுகிற ஆளுக்கு இப்படியா இருக்கும்? அந்தக் கண்மணி முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்ததோ? விழுந்தபோது கண்ணிலேயே அடிபட்டிருந்தால்? பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பாவி! இப்போது சொன்னால் நான் காலி. சொல்லாமல் விட்டால், சும்மா இருக்கிற மண்டையைப் பிளப்பார்கள். சரி, சொல்லிவிட்டேன் என்றே வை. விரிந்தது உண்மையிலேயே இப்போதுதான் என்றால்? என் பேச்சைக் கேட்டுப் பத்து நிமிடம் தயங்கி, அதில் ஆள் போய்விட்டால்?

வெளி கேட்டில், பிளாஸ்டிக் கூரைக்கடியில் சொந்தக்காரர்கள் கூட்டம். காய்ச்சல் பரவுகிறதென்று அந்த வாரம் ஐ.சி.யூ.வுக்குள் யாரையும் விடவில்லை. அவர் மனைவி தோன்யா தொமாசா நான்கு நாளாக அங்கேயே அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக் கிடந்தார். விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினேன்.

"நீங்கதான் தெனமும் அவரப் பாக்குற டாக்டரா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. தெனமும் பாக்குறேன்."

"எனக்கு இதெல்லாம் வெளங்காது, டாக்டரய்யா. பாக்குறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க, போடவா?"

அவருடைய வலது கண்ணில் முன்னால் ஏதாவது கோளாறு இருந்ததா? இந்த ஒரு கேள்விதான். நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், "ஏன், தெனமும் பாக்குறீங்களே" என்பார். விழுங்கிவிட்டேன்.

"போடுங்கம்மா" என்றேன்.

எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தியேட்டரில் தோன் கிரிஸ்பினுக்குப் பாதித் தலை சிரைத்தாகிவிட்டது. சாராத்தே பேனாவால் தோலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பாரியெந்தோஸ் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து எங்க?" என்றார் சாராத்தே.

தாளைக் கொடுக்கக் கை நீளவில்லை. "டாக்டர், நான் பாக்கல."

"என்ன பாக்கல?"

"கண்ண. மூணு நாளும் பாக்கல. இமை தெறக்கல, சும்மா எழுதினேன். இது இப்ப விரிஞ்சதா, முன்னாடியே இப்படித்தானான்னு எனக்குத் தெரியாது."

பாரியெந்தோஸ் ஈரக் கையோடு வந்தார். "ஏம்ப்பா, பைத்தியமா உனக்கு? கத்தி வைக்கப்போற நேரத்துலயா சொல்லுவ?"

அவரே இமையை விலக்கிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு சின்ன இடுக்கியை வாங்கி, அதன் மழுங்கிய முனையால் கண்மணியின் மேல் மெதுவாகத் தட்டினார்.

டிக்.

இன்னொரு முறை தட்டினார். டிக். பீங்கான் கோப்பையில் நகம் பட்ட மாதிரி சத்தம்.

"செயற்கைக் கண்ணு" என்றார். மயக்க மருந்து டாக்டர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "மண்டையத் தொறக்க வந்துட்டீங்க, மொகத்தப் பாக்கத் தெரியல. கழுதைங்களா! மொத நாள் எடுத்த ஸ்கேன எடுங்க." படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். வலது கண் குழியில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தது. "இத நானும்தான் பாத்தேன்" என்றார், குரல் இறங்கி.

அரை மணி கழித்து, பாரியெந்தோஸ் தன் அறைக்குள் என்னையும் சாராத்தேயையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "எழுதிக்கோ: வீக்கம் வடிந்ததால் வலது கண் செயற்கை எனத் தெரியவந்தது. இடது கண்மணி நன்றாக அசைகிறது. அறுவை தேவையில்லை. அவ்வளவுதான். முன்னாடி எழுதினதப் பத்தி மூச்சு விடாத."

"உனக்காக இல்ல, நம்ம பிரிவுக்காக" என்றார் சாராத்தே, என் முகத்தைப் பார்க்காமல். முதல் நாள் வரிக்குக் கீழே இருப்பது அவர் கையெழுத்து.

அப்பாடா! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தோன் கிரிஸ்பின் மண்டை தப்பியது, என் வேலையும் தப்பியது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கேட்டுக்கு ஓடினேன்.

"ஆபரேஷன் வேணாம்மா! அவரோட வலது கண்ணு..."

"அது கண்ணாடில செஞ்சதாச்சே" என்றார் தொமாசா. "ராக்கெட்டு மூஞ்சியில வெடிச்சு இருவது வருஷமாச்சு. மொத நாளே வாட்ச்மேன்கிட்ட சொல்லிவிட்டேனே, தெனமும் கழட்டிக் கழுவணும், இல்லன்னா புண்ணாயிரும்னு. யாரும் கழுவலையா?"

அவர் என்னையே பார்த்தார்.

"நீங்க தெனமும் பாக்குறேன்னு சொன்னீங்களே."

திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், என் குணம் அப்படி. அவர் திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். இவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

மேலே போய், பாரியெந்தோஸ் சொன்ன வரிகளை எழுதினேன். பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்தேன். "இன்றோடு மூன்று நாளும் நான் எழுதிய கண் குறிப்பு பொய். நான் பார்க்கவில்லை." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

சாராத்தே வாங்கிப் படித்தார். "டேய், என்னடா எழுதித் தொலச்சிருக்க? கிழி அத!"

"நம்பர் போட்ட தாள், டாக்டர். கிழிக்க முடியாது."

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியேடா. இனி பெரிய டாக்டரே நெனச்சாலும் உன்னக் காப்பாத்த முடியாது."

"தெரியும். நீங்க மொத நாள் எழுதினதப் பத்தி நான் ஒண்ணும் எழுதல."

சாராத்தே கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. சனிக்கிழமை பகல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். தொமாசா கையில் பஞ்சும் மருந்துத் தண்ணீருமாக உள்ளே போக நின்றுகொண்டிருந்தார். இப்போது கண்ணைக் கழுவ அவரை விடுகிறார்களாம்.

"ஊருக்கா, டாக்டரய்யா?"

"வேலையவிட்டு அனுப்பிட்டாங்கம்மா."

"ஏன்?"

"பாக்காமலே பாத்ததா எழுதினதுக்கு."

ஐயோ பாவம் என்று சொல்வார் என நினைத்தேன், வெட்கக்கேடு. "சரிதான்" என்றார். பிறகு, "இனிமே அவர யாரு பாக்குறது?"

"நாஹேரான்னு ஒரு டாக்டர்."

"அவராச்சும் பாப்பாரா?"

அன்று காலை நான் பொறுப்பை ஒப்படைத்தபோது நாஹேரா தண்டனை டூட்டியில் மூன்றாவது நாளாகக் கிடந்தான். நல்ல பையன்தான். நான் எட்டாம் படுக்கையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பதினெட்டுக் குறிப்புகளையும் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தான்.

"நீங்க உள்ள போங்கம்மா" என்றேன். "கழுவி முடிச்சதும் வெளிய வந்துராதீங்க. அந்த டாக்டர் எழுதும்போது பக்கத்துலயே நில்லுங்க."