ஒன்பதாம் கேள்வி

"அப்ப புது பிஷப் யாருன்னு உனக்கும் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட மறைப்பேனா?"

"மீன் விக்கிற பொம்பளகூட கேக்குறாடா. 'சாமி, உங்க சினேகிதர் பிஷப்பானா மோதிரத்துக்கு முத்தம் குடுக்க வரிசையில நிக்கணுமா, இல்ல உங்க பேரச் சொல்லிட்டு முன்னால போயிரலாமா'ன்னு."

மலைப்பக்கத்துப் பாதிரியார் பொன்சியானோ தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, அரிசி அப்பத்தைச் சாக்லேட் பானத்தில் முக்கினார். மலைச் சாலையின் செம்மண் அவர் அங்கியின் விளிம்பில் அப்பியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எலியுதேரியோவுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

மலைப்பக்கத்துத் தேவாலயப் பங்குகளைப் பிரித்துப் புது மறைமாவட்டம் அமைக்கப் போகிறார்கள் என்பது இலோகோஸ் மாகாணம் முழுக்கத் தெரிந்த சேதி. அதன் பிஷப், அதாவது ஆயர், எலியுதேரியோதான் என்பதும் எல்லோரும் முடிவு செய்துவிட்ட விஷயம். பதினான்கு வருடமாக ஆயருக்கு அடுத்த இடத்தில் முதன்மைகுருவாக இருப்பவர். கிழ ஆயருக்காகக் கடிதம் எழுதியது, பங்குகளின் எல்லைச் சண்டையைத் தீர்த்தது எல்லாம் அவர்தான். பொன்சியானோ குருமடத்தில் லத்தீன் வகுப்பில் தூங்கியவர். தேர்வில் இவரைப் பார்த்து எழுதியவர்.

ஆனால் திங்கட்கிழமை மணிலாவிலிருந்து பாப்பரசரின் தூதுவர் அனுப்பிய கேள்வித்தாளில் இருந்தது பொன்சியானோவின் பெயர். ஆயராக அவர் தகுதியானவரா என்று நன்கறிந்தவர்களைக் கேட்டிருந்தார்கள். சொந்தக் கையால் எழுத வேண்டும். எவரிடமாவது வாய் திறந்தால் கனமான பாவம். முதல் எட்டுக் கேள்விகளுக்கும் எலியுதேரியோ உண்மையையே எழுதினார். குடிப்பதில்லை. ஏழைகளிடம் அன்புள்ளவர். மலைவாசிகளின் மொழியில் பிரசங்கம் செய்பவர். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் தன் சதையிலிருந்து பிய்த்துக் கொடுப்பதுபோல் இருந்தது.

ஒன்பதாவது: வெளியில் தெரியாத குறை ஏதேனும் உண்டா?

நான்கு நாட்களாக அந்த இடம் காலியாகவே இருந்தது. முப்பது வருட நட்பை அடுத்தவன் பெட்டியைக் குடைவதுபோல் குடைந்து பார்த்தார். குறட்டையும் ஒரு கொய்யாப்பழத் திருட்டும்தான் கிடைத்தன.

"தேரியோ." பொன்சியானோ கோப்பையைத் தள்ளி வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "ரெண்டு வருஷமா ஒரு விஷயம் உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு. யாருகிட்டயும் சொல்லல."

எலியுதேரியோவின் நெஞ்சு துள்ளியது. துள்ளியதற்காக வெட்கப்பட்டார், ஆனாலும் துள்ளத்தான் செய்தது.

"சொல்லு. நாம ரெண்டு பேருதான இருக்கோம்."

"இப்படி இல்ல. பாவசங்கீர்த்தனமா சொல்றேன்."

பாவ அறிக்கையாகக் கேட்ட எதையும் குரு வெளியே சொல்லக் கூடாது; அப்படிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. எத்தனை பெரிய குற்றமானாலும் ஒரு எழுத்துகூட அந்தத் தாளில் ஏறாது, சாகும்வரை வாய்ப்பூட்டு. அதையே மேசையில் உட்கார்ந்து சினேகிதனாகச் சொன்னால் ஒன்பதாம் இடம் நிரம்பிவிடும். மோதிரம் வேறு விரலைத் தேடும்.

"எதுக்குடா அதெல்லாம்? முப்பது வருஷப் பழக்கம். இப்படியே சொல்லேன். மன்னிப்ப அப்புறமா வாங்கிக்க."

"ஒரு முதன்மைகுரு பேசுற பேச்சா இது? சினேகிதன்கிட்ட சொன்னா மண்டைய ஆட்டுவ. எனக்கு மன்னிப்பு வேணும்."

"உங்க பக்கத்துப் பங்குச்சாமி இருக்காரே, அவருகிட்ட..."

"அவருக்குக் காது மந்தம். நான் கத்துனா மலை முழுக்கக் கேக்கும்." சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டார். "உன்னைத் தவிர யாரையும் நம்பத் தோணல."

எவ்வளவு சுலபமாக நம்புகிறான்! அந்தக் குணத்தைக்கூடக் கடவுள் இவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்று எலியுதேரியோ நினைத்தார். அதற்கும் வயிறு எரிந்தது.

பொன்சியானோ நாற்காலியை நகர்த்திவிட்டு, செம்மண் அங்கியோடு தரையில் முழந்தாளிட்டார். தலை குனிந்திருந்தது. பிடரி மயிர் நரைத்துவிட்டதை எலியுதேரியோ அப்போதுதான் பார்த்தார்.

"பாவசங்கீர்த்தனம் கேக்குற தோள்துகில எடுத்துப் போட்டுக்க, தேரியோ. கேளுடா."