பொட்டு வைத்த துப்பாக்கி

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸ்ஆப்பில் வந்தது. ஆயுத பூஜை அன்று, காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் குழுவில், தரைத்தள வரலட்சுமி ஒரு படம் போட்டிருந்தார். ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, மண்வெட்டி, மகளின் லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் நீளமாக ஒரு பழைய துப்பாக்கி. அதற்கும் பொட்டு. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு நான்காவது மாடி வக்கீல் ஜஸ்டின் கேட்டார்: "லைசன்ஸ் இருக்குங்களா?"

அதன்பின் குழுவில் தண்ணீர் லாரியைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

2

முதல் வரைவு: "எத்திராஜின் முறுக்கு மீசையில் ஒரு பரம்பரையின்..."

(அடித்துவிட்டேன். எத்திராஜுக்கு மீசையே கிடையாது. அவர் வரலட்சுமியின் கணவர். இந்த அடுக்ககம் நிற்கும் நிலம் அவருடையதாக இருந்தது; பில்டருக்குக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்தில் வீடு வாங்கிக்கொண்டவர்.)

இரண்டாவது வரைவு: "யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே..."

(யாரும் தட்டவில்லை. மறுநாள் விஜயதசமி விடுமுறை. ஆர்வம் தாங்காமல் நானே போய் மணி அடித்தேன்.)

"வாங்க சார். சாமி கும்ட்டது ஒரு குத்தமா? இன்னா சார் இது!" என்றார் எத்திராஜ். "எங்க தாத்தா கடலைக்கொல்லையில நரி வெரட்ட வாங்குனது. வருசத்துக்கு ஒருவாட்டி எடுத்து பொட்டு வெச்சுட்டு உள்ள வெச்சுடுவோம். காயிதம் கீயிதம் ஒண்ணும் கெடையாது."

"சுட்டிருக்கீங்களா?"

"ஒரு காக்காவக்கூட சுட்டதில்ல சார்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சம் முரட்டு ஆளாக இருந்திருந்தால் கதைக்கு வசதி. அவரோ வியர்த்துப் போய், குரலைத் தாழ்த்தினார். மகள் ரேகாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கான போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை.

"ஊட்டு வாசல்ல ஜீப் வந்து நின்னா எம்பொண்ணு வேலை போச்சு சார்."

கதை தேடிப் போன நான் ஜஸ்டினைக் கீழே கூப்பிட்டேன்.

3

சட்டம்.

(இந்த இடத்தில் வாசகர் எழுந்து போய்விடுவார் என்பார்கள். இருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்.)

ஜஸ்டின் இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலும் குற்றம், இல்லாதவருக்கு விற்றாலும் சும்மா கொடுத்தாலும் குற்றம் என்றார்.

"கழட்டி ஆளுக்கொண்ணா குட்த்துட்டா?" என்றார் எத்திராஜ்.

"குழாய் தனியா இருந்தாலும் ஆயுதக் கணக்குதாங்க."

"போரூர் ஏரில போட்டுட்டா?"

"அதுவும் தப்புங்க; அதை வக்கீல் என் காதுல வேற போட்டுட்டீங்க." ஜஸ்டின் சிரித்தார். "ஒரு வழி இருக்கு. ரொம்பப் பழசா, ரிப்பேர் பண்ணாலும் இனிமே சுடவே சுடாதுங்கிற நிலைமைல இருந்தா சட்டம் விட்டுடும். துருப்பிடிச்சுத்தானே கெடக்கு?"

வரலட்சுமி உள்ளே போய்த் துணியைப் பிரித்துக் கொண்டுவந்தார். துப்பாக்கி பளபளவென்று இருந்தது.

"துருவா? அப்டி வுட்ருவமா சார்? வருசா வருசம் எண்ணெ போட்டு தொடச்சிகினு வர்றோம்" என்றார், பெருமையாக.

ஜஸ்டின் விசையை இழுத்துப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. அவர் முகமும் விழுந்தது. பரணில் வீசி மறந்திருந்தால் இன்றைக்கு அது வெறும் இரும்பு. பக்தியாகப் பார்த்துக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

"அப்ப நானே எட்த்துகினு போயி ஸ்டேசன்ல குட்த்துர்றேன்."

"வேணாங்க, ரோட்ல தூக்கிட்டுப் போறதும் தப்பு. போன் பண்ணிச் சொல்லுங்க, அவங்களே வந்து எடுத்துக்கட்டும். தானா முன்வந்து சொன்னா பெரும்பாலும் நல்லபடியாப் பாப்பாங்க."

"பெரும்பாலும்னா?"



4

முடிவு அ: ஓர் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொள்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: அம்பத்தூர் பட்டறையில் எத்திராஜ் குழாயை வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார். (அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவார்? என் கதைக்காக அவரைப் பிடித்துக் கொடுக்கவா?)

முடிவு இ: முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நான் நழுவுவது. இதை ஜஸ்டினிடம் சொன்னேன். "வாசகர்கிட்ட லைசன்ஸ் இருக்கா?" என்றார்.

5

ஆகவே முடிவு கிடையாது. பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். வேலை நிலைத்ததா, வழக்கு வந்ததா என்று ஊகிக்க வைக்கும் வரிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

அன்று ஜஸ்டின் பேசிய நேரமெல்லாம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் ரேகா. நேராக வந்து போனை எடுத்தாள்.

"நாளைக்கிப் பண்லாம்மா" என்று கையைப் பிடித்தார் எத்திராஜ்.

"வேலை போனா வேற தேடிக்குவேன்ப்பா. உன்னப் புட்சிகினு போனா நான் இன்னா பண்ணுவேன்?"

ஸ்டேஷன் எண்ணைப் போட்டாள். மறுமுனையில் எடுத்தார்கள். "வணக்கம் சார். என் பேரு ரேகா. எங்க ஊட்ல ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

எத்திராஜ் போனை வாங்கிக்கொண்டார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். துப்பாக்கி என்னுது. எத்திராஜ். இனிஷியல் கே. எழுதிக்கோங்க."