இரண்டாவது கரைதல்

ஊர்க்காகமும் மலைக்காகமும் ஒரே கறுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்வது கடினம். குரல்தான் அடையாளம். ஊர்க்காகம் ஒரு தரம் கரைந்து நிறுத்திவிடும். மலைக்காகம் அதே மூச்சில் மெலிதாக, கீச்சென்று இன்னொன்றைச் சேர்க்கும். ஊர்க்காகம் எங்கும் உண்டு. மலைக்காகம் அழிந்துவரும் பறவைகளின் பட்டியலில் இருந்தது. இந்த ஆண்டு அறுபத்திரண்டைக் கண்டதாகக் கணக்கெடுப்பாளர் எழுதிக்கொடுத்திருந்தார். அதை நம்பி, பட்டியலிலிருந்து நீக்கும் கோப்பு இயக்குநரின் கையெழுத்துக்குப் போயிருந்தது. நீக்கிவிட்டால் அந்தக் காட்டை வெட்டத் தடையில்லை.

ஒலிப்பதிவுகளைப் பார்க்கும் பெண் கணக்கெடுப்பாளரின் மேசைக்கு வந்தாள்.

"காக்கா சார், நீங்க எண்ணின இடத்துல பத்து நாள் ரெக்கார்டர் ஓடியிருக்கு. எல்லாம் ஊர்க்காக்கா."

"மலைக்காக்கா சும்மா இருந்திருக்கும்."

"பத்து நாளா? காக்காவா?" சிரித்துக்கொண்டே ஹெட்போனை நீட்டினாள். "நீங்களே கேளுங்க."

கணினி பக்கம் குனிந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல் கொஞ்ச நேரம் விட்டுச் சொன்னார்: "இதோ. மலைக்காக்காவேதான்."

சிரிப்பு நின்றது.

"சார்... நான் இன்னும் போடவே இல்லை."

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கீச்சு அவருக்குக் கேட்காமல் போயிருந்தது. பேச்சு கேட்டது, கீச்சு மட்டும் கேட்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அலகு சற்று நீளமாகத் தெரிந்ததையெல்லாம் மலைக்காகம் என்று எழுதினார். எண்ணிக்கை கூடக் கூடப் பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், ஹெட்போன் வயரைத் தேவைக்கு மேல் கவனமாகச் சுற்றினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாடியேறி இயக்குநர் அறை வாசலில் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

"உள்ள வாங்கன்னு எத்தனை தரம் சொல்றது? செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி!" என்று சிரித்தார் இயக்குநர் அம்மாள், கையில் பேனாவோடு.

"அதேதான் மேடம். அதைச் சொல்லத்தான் வந்தேன். கையெழுத்துப் போடாதீங்க."

சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. இயக்குநர் பேனாவை மூடினார்.

"அப்போ போன வருஷக் கணக்கு?"

"அதுவும் தப்புதான் மேடம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும்தான் மேடம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.