கமா குறைந்த விடை

வெல்டர் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குள் வந்து முன்வரிசை மேசையைக் கவிழ்த்தான். இருபது பேர் எழுதுவதை நிறுத்தினர்.

பலகையில் நான்கு விடைகள் இருந்தன. நான்கும் ஒரே ஆங்கில வாக்கியம். கமாக்கள் மட்டும் வெவ்வேறு இடங்களில்.

"என்ன மாப்ளே இது?" என்றார் ஆசிரியர். தங்கையின் கணவன் அவன்.

"ரிசல்ட் வந்திருச்சு மச்சான். மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சு. அடுத்த மாசம் எனக்கு நாப்பது முடியுது. அதுக்கப்புறம் கப்பல் கம்பெனிக்காரன் என்னைச் சீந்தமாட்டான்."

"வெளிய போய்ப் பேசலாம்."

வெல்டர் அவருடைய வலக்கையை ஆசிரியர் மேசையில் வைத்து அழுத்தினான். இரும்பைப் புரட்டிய கை. அவரால் விலக்க முடியவில்லை.

"சந்தேகம் வந்தா எதை எடுக்கச் சொன்னீங்க?"

"கமா கம்மியா இருக்கிற விடையை."

"ஏன்?"

"பழைய வினாத்தாள்ல பத்துக்கு ஏழு அப்படித்தான் இருந்துச்சு."

"இப்போ?"

ஆசிரியர் மாணவர்களைப் பார்த்தார். வெல்டர் அவருடைய சுண்டுவிரலைப் பின்னுக்கு மடக்கினான். ஒடிந்தது.

"இப்போ மச்சான்?"

"மாத்திட்டாங்க. அந்த விடையைத்தான் பொறியா வைக்கிறாங்க. ரெண்டு வருஷமா."

"தெரிஞ்சேவா சொல்லிக் கொடுத்தீங்க?"

"இலக்கண விதியெல்லாம் நடத்த மூணு மாசம் ஆகும். பதினஞ்சு நாள்னு போர்டு வச்சாத்தான் ஆள் வருது."

"கூடப்பிறந்தவ புருஷனுக்குமா?"

"உங்களுக்கு மட்டும் வேற மாதிரி சொன்னா மத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோகும்ல."

வெல்டர் மோதிர விரலையும் ஒடித்தான். ஆசிரியர் மண்டியிட்டு விழுந்தார். வெல்டர் கையை விட்டான். அவனுக்கு அழுகை வந்தது. வெளியே நடந்தான்.

கதவருகே உட்கார்ந்திருந்த மாணவி, ஒரு நர்ஸ், எழுந்து அவனுக்கு வழிவிட்டாள். பிறகு கதவைத் தாழிட்டாள்.

"காலையிலதான் சார் பரீட்சை எழுதினேன்," என்றாள். "உங்களைப் பார்த்து நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பதினோரு கேள்விக்கு அதையே போட்டிருக்கேன்."

"பாத்துக்கலாம்மா. அடுத்த தடவை..."

"எனக்கு இதுதான் கடைசி சான்ஸ்." மற்றவர்களைக் காட்டினாள். "இவங்களுக்கு நாளைக்குப் பரீட்சை."

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு எல்லோரும்.

"உட்காருங்க," என்றார் ஆசிரியர், ஒடிந்த கையை மார்போடு அணைத்தபடி. "இப்பவே எல்லாத்தையும் நடத்திடறேன்."

யாரும் உட்காரவில்லை. முதல் குத்து மூக்கில் விழுந்தது. குத்தியவள் நர்ஸ்.